பன்னிரண்டு மணிக்குச் சாத்திய கதவு!
காஞ்சீபுரத்தை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

"நடை சாத்தியாச்சு, பெரியம்மா. நாலு மணிக்கு வாங்க."

காஞ்சீபுரம் வரதராஜ பெருமாள் கோவில். நேரம் மத்தியானம் 12.20.

சன்னதிக்குப் போகும் வழியில் நின்ற ஊழியர் நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் எழுபது வயதான அந்த அம்மாவுக்கு அதைக் கேட்டதும் கால் நகரவில்லை. பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாற்பது வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பணும்னு எழுதியிருக்கு" என்றார்.

அந்த அம்மா வேறு யாரும் அல்ல. இதை எழுதுகிறவனின் தாயார்தான்!

அன்று தப்பு செய்தது கோவிலும் இல்லை, ஊழியரும் இல்லை. திட்டம் போடாமல் கிளம்பிய நான்தான்.

காஞ்சீபுரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுக் குடும்பத்தோடு போகிற பலருக்கும் இதே கதிதான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தொட்டில் பிள்ளையும் அத்தி வரதரும்

அம்மாவின் ஏக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு.

வரதராஜ பெருமாள் கோவில் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்தி மரத்தால் ஆன பெருமாள் இருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே எடுத்து வைப்பார்கள். 1979-ம் ஆண்டு ஜூலையில் எடுத்தபோது எங்கள் தெருவே காஞ்சீபுரத்துக்குப் புறப்பட்டது. அம்மா மட்டும் போகவில்லை. காரணம், பிறந்து இருபதே நாளான நான் தொட்டிலில் கிடந்தேன்!

அடுத்த முறை 2019-ம் ஆண்டு. ஜூலை 1-ந் தேதி முதல் ஆகஸ்டு 17-ந் தேதி வரை 48 நாள் தரிசனம். லட்சக்கணக்கில் கூட்டம். மூட்டு வலிக்காரரை அந்த நெரிசலுக்குள் கூட்டிப்போக எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி 2059-ம் ஆண்டுதான்.

"அத்தி வரதர் எனக்குக் கிடையாது. மேலே இருக்கிற வரதரையாவது ஒரு தடவை பார்த்துடறேன்" என்று அம்மா கேட்டார். அதற்காகத்தான் 2023-ம் ஆண்டு முதல் முறை போனோம்.

எங்கே கோட்டை விட்டோம்?

சென்னையில் இருந்து காஞ்சீபுரம் சுமார் 75 கிலோ மீட்டர். "பக்கத்திலேதானே" என்ற அலட்சியம். வீட்டை விட்டுக் கிளம்பவே காலை 7 மணி. போய்ச் சேர்ந்தபோது மணி 9.45.

டிபன் முடித்து ஏகாம்பரநாதர் கோவிலுக்குப் போனோம். பெரிய கோவில். வெளியே வர 11 மணி.

"பத்து நிமிஷம்தான் சார், புடவையைச் சும்மா பார்த்துட்டு வந்துடுங்க" என்று ஆட்டோக்காரர் ஒரு கடை வாசலில் நிறுத்தினார். பத்து நிமிஷம் ஐம்பது நிமிஷம் ஆயிற்று. பிறகு ஊரின் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்கு ஓட்டம். அங்கே போனால், நடை சாத்தியாச்சு.

4 மணி வரை காத்திருக்கலாமே என்பீர்கள். அன்று சாயங்காலம் சென்னையில் கல்யாண ரிசப்ஷன்! ஒரு நாளில் இரண்டு வேலை வைத்துக்கொண்ட புத்திசாலித்தனம்.

திரும்பும்போது பஸ்சில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் பாடம்: பகல் இரண்டு துண்டு

காஞ்சீபுரத்தின் சூட்சுமம் இதுதான். அங்கே ஒரு நாள் என்பது முழு நாள் அல்ல. இரண்டு அரை நாள்!

கோவில்கள் காலையில் திறந்து 12 அல்லது 12.30 மணிக்குச் சாத்தப்படும். மறுபடியும் 4 மணி வாக்கில்தான் திறக்கும். நடுவே சுமார் நாலு மணி நேரம் கோவில் கிடையாது. இதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் நாள் உங்கள் கையில். மறந்தால் பூட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

இரண்டாவது, ஊரின் அமைப்பு. பெரிய காஞ்சீபுரம், சின்ன காஞ்சீபுரம் என்று இரண்டு பகுதி. ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், கைலாசநாதர் கோவில்கள் பெரிய காஞ்சீபுரம் பக்கம். வரதராஜ பெருமாள் சின்ன காஞ்சீபுரத்தில். இரண்டுக்கும் நடுவே மூன்று, நாலு கிலோ மீட்டர். இங்கும் அங்குமாக ஓடினால் ஆட்டோ கூலியும் போச்சு, நேரமும் போச்சு.

மூன்றாவது, கால் பலம். வரதர் சன்னதி அத்திகிரி என்ற உயரமான இடத்தில் இருக்கிறது. 24 படி ஏற வேண்டும். வயதானவர்களுக்கு அது காலையில்தான் முடியும்.

இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, இந்தத் தை மாதம் ஒரு சனிக்கிழமை மறுபடியும் புறப்பட்டோம். அம்மா, மனைவி, 12 வயது மகன், நான்.

காலை: வரதர் முதலில்!

விடியற்காலை 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் வழியாக பஸ் பயணம். அந்த நேரத்தில் ரோடு காலி. 7.30 மணிக்குக் காஞ்சீபுரம்.

ரெயிலும் உண்டு. சென்னை கடற்கரையில் இருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாகப் போகும். டிக்கெட் மலிவு. ஆனால் வண்டிகள் குறைவு, நேரமும் அதிகம் பிடிக்கும். போக வர நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பஸ்களும் இப்போதெல்லாம் புறப்படும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. "எப்போதும் இங்கேதான் நிற்கும்" என்று போய் நிற்காதீர்கள்.

டிபன் முடித்து, நேரே வரதர் கோவில். மணி 8.15.

அம்மா படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். ஒரு கை சுவரில், ஒரு கை பேரன் தோளில். நாலு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். நைவேத்தியத்துக்குத் திரை போட்டிருந்ததால் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். காலையில் வந்ததால் காத்திருக்க நேரம் இருந்தது.

திரை விலகியது. அம்மா கை கூப்பியபடி நின்றார். "நகருங்க, நகருங்க" என்று யாரும் விரட்டவில்லை. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனதன் பலன்.

வைகாசி கருட சேவை போன்ற விசேஷ நாள்களில் ஊரே திருவிழாவாக இருக்கும். திருவிழா பார்க்க வேண்டும் என்றால் அன்று போங்கள். ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் சாதாரண நாளில் போங்கள். இரண்டும் சேர்ந்து நடக்காது.

இறங்கும் வழியில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. தொட்டால் தோஷம் போகும் என்பது நம்பிக்கை. பையனுக்கு அது குஷி. பிறகு நூற்றுக்கால் மண்டபம். மூலையில் தொங்கும் கல் சங்கிலியைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். வளையம் வளையமாகக் கோத்து விட்டதுபோல் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே அனந்தசரஸ் குளம். அம்மா கரையில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவில் இட்லி பற்றியும் சொல்ல வேண்டும். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேக வைப்பது. நம் வீட்டு இட்லி மாதிரி பஞ்சாக இருக்காது, ருசியே வேறு. கிடைத்தால் விடாதீர்கள்.

கல்லில் ஒரு பள்ளிக்கூடப் பாடம்

10.30 மணிக்கு வைகுண்ட பெருமாள் கோவில். ரெயில் நிலையத்துக்குப் பக்கம். பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாத இடம் இது!

எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் கட்டியது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நிலை. உள்ளே சுற்றிவரும் தாழ்வாரத்தில் வரிசையாகச் சிங்கத் தூண்கள். அதன் சுவரில் பல்லவ ராஜாக்களின் கதையே படம் படமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. யுத்தம், பட்டாபிஷேகம், யானை, குதிரை எல்லாம் உண்டு.

அதில் ஒரு கதை. ராஜா வாரிசு இல்லாமல் இறந்துபோகிறார். மந்திரிகளும் ஊர்ப் பெரியவர்களும் பல்லவ வம்சத்தின் வேறு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய், "உங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். மூத்த பிள்ளைகள் தயங்குகிறார்கள். கடைசியில் "நான் போகிறேன்" என்று முன்வந்தவன் 12 வயதுப் பையன். அவன்தான் இந்தக் கோவிலைக் கட்டிய நந்திவர்மன்.

"பன்னிரண்டு வயசா? என் வயசுதானேப்பா!" என்றான் மகன். அதன் பிறகு அவனை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு ஆகிவிட்டது.

சில சிற்பங்கள் தேய்ந்து போயிருக்கின்றன. கை வைத்துத் தேய்க்காதீர்கள், சாய்ந்து நிற்காதீர்கள். 1,200 வருஷம் தாக்குப் பிடித்ததை நம் முதுகு அழித்துவிடக் கூடாது.

மத்தியானம்: தறிச் சத்தம்

12 மணி. கோவில்கள் சாத்தும் நேரம். இந்த முறை எங்களுக்குக் கவலை இல்லை. சாப்பாடு முடித்தோம். அம்மாவை ஓட்டல் மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் கால் நீட்டி உட்கார வைத்தோம். வயதானவர்கள் வந்தால் இந்த ஓய்வைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

பட்டுக்கு ஏற்ற நேரம் இதுதான். ஆனால் கடைக்குப் போகும் முன் தறியைப் பாருங்கள். பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் குடும்பங்கள் உண்டு. மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

நாங்கள் பார்த்த வீட்டில் ஒரு பெரியவர் குழியில் கால் வைத்து தறியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துச் சேர்ப்பதற்குக் 'கோர்வை' என்று பெயர். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஓர் ஆளால் முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும்.

"ஒரு புடவைக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"சாதாரணமா பத்துப் பதினைஞ்சு நாள். வேலைப்பாடு ஜாஸ்தின்னா மாசம்கூட ஆகும். ரெண்டு பேர் உழைப்பு சார். கடையிலே விலை கேட்கிறப்போ அதை நினைச்சுக்குங்க" என்றார்.

அதன் பிறகு கடையில் என் மனைவி விலை பேசும் குரலே மாறிவிட்டது!

வாங்குகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை.

ஒன்று: ஆட்டோக்காரர் கூட்டிப்போகிற கடைக்குப் போகாதீர்கள். கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். கைத்தறி கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள் உண்டு. முதலில் அங்கே விலை பார்த்துவிட்டு மற்ற கடைக்குப் போங்கள்.

இரண்டு: 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உதிரி நூல் ஒன்றைக் கொளுத்தினால் தலைமுடி கருகிய வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். அதுதான் பட்டு. உருகி உருண்டையாகத் திரண்டால் அது வேறு சரக்கு.

மூன்று: ஜரிகை. அசல் ஜரிகை, பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. என்ன ஜரிகை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் பெரியது என்பதால் போலியும் அதிகம்.

புடவை வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் இந்த நேரத்தில் அறிஞர் அண்ணா வாழ்ந்த வீட்டைப் பார்க்கலாம். நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். 1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி இந்த ஊரில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். விடுமுறை நாளா என்று மட்டும் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலை: எதிரி மயங்கிய கோவில்

சரியாக 4 மணிக்கு கைலாசநாதர் கோவில். ஊருக்கு மேற்கே கொஞ்சம் ஒதுக்குப்புறம். மாலையில் முதலில் இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. மற்ற கோவில்களில் இரவிலும் தரிசனம் செய்யலாம். இங்கே சிற்பம் பார்க்கச் சூரிய வெளிச்சம் வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோவில். திருச்சுற்றில் வரிசையாக 58 சின்னஞ்சிறு சன்னதிகள். சிலவற்றின் உள்ளே பழைய வண்ண ஓவியம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாய்ந்த வெயில் பட்டதும் கல் முழுவதும் பொன் நிறம் ஆகிவிடுகிறது.

இங்கேயும் ஒரு கதை உண்டு. பல்லவர்கள் 642-ம் ஆண்டு சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தார்கள். சுமார் நூறு வருஷம் கழித்து சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சீபுரத்தைப் பிடித்தான். பழிக்குப் பழி வாங்க நல்ல சந்தர்ப்பம். ஆனால் இந்தக் கோவிலைப் பார்த்தவன் இதன் சொத்தைத் தொடவில்லை. அதைக் கோவிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தியை இங்கேயே ஒரு தூணில் கன்னடத்தில் பொறித்தும் வைத்தான். இன்றும் இருக்கிறது.

பிடித்தவன் கொள்ளையடிக்காமல் போன ஊர் இது. நாம் அங்கே போய்ச் சுவரில் பெயர் கிறுக்கலாமா?

மூலவரைச் சுற்ற ஒரு குறுகலான வழி உண்டு. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். தவழ்ந்து வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். மகன் போய் வந்தான். "எனக்கு வேண்டாம். இன்னொரு பிறவி இருந்தா அத்தி வரதரைப் பார்க்கலாமில்லே" என்று அம்மா சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

5.45 மணிக்கு ஏகாம்பரநாதர். கிருஷ்ணதேவராயர் காலத்து ராஜகோபுரம், உயரம் சுமார் 190 அடி. உள்ளே மாமரம்தான் தல விருட்சம். மாமரத்தடியில் அம்பாள் தவம் செய்தாள் என்பது ஐதீகம்.

7 மணிக்கு காமாட்சி அம்மன். ஊரில் எத்தனையோ சிவன் கோவில் இருந்தாலும் அம்பாளுக்குத் தனிச் சன்னதி கிடையாது. எல்லாருக்கும் சேர்த்து இங்கே ஒரே காமாட்சி. விளக்கு வெளிச்சத்தில் தரிசனம் முடித்து 8 மணிக்கு பஸ்.

விட்டதும் உண்டு

எல்லாவற்றையும் பார்த்துவிட்டோமா? இல்லை. உலகளந்த பெருமாள் கோவில், கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய குமரகோட்டம், ஓவியங்கள் நிறைந்த திருப்பருத்திக்குன்றம் ஜைனக் கோவில் எல்லாம் பாக்கி. பரவாயில்லை. ஆறு இடத்தை நின்று பார்த்தால் போதும். பதினாறு இடத்தை ஓடிப் பார்த்தால் செருப்பு விட்ட இடம்தான் ஞாபகம் இருக்கும்.

"அப்படியே மகாபலிபுரமும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள்.

கத்தரித்து வைத்துக்கொள்ள

காலை 5.00 - புறப்பாடு
7.30 - காஞ்சீபுரம், டிபன்
8.15 - வரதராஜ பெருமாள்
10.30 - வைகுண்ட பெருமாள்
12.00 - சாப்பாடு, ஓய்வு
1.30 - தறி, பட்டு அல்லது அண்ணா இல்லம்
4.00 - கைலாசநாதர்
5.45 - ஏகாம்பரநாதர்
7.00 - காமாட்சி அம்மன்
8.00 - திரும்பும் பஸ்

மார்கழி, தை, மாசி நல்ல மாதங்கள். கோடையில் போனால் பிராகாரத்துக் கல் 4 மணிக்குக்கூட காலைச் சுடும். தண்ணீர், வயதானவர்களின் மாத்திரை, சில்லறை இவை கைப்பையில் இருக்கட்டும். ஆட்டோவில் ஏறும் முன் கூலி பேசிக்கொள்ளுங்கள். அன்று சென்னையில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்!

2059-ல் யார் வருவது?

திரும்பும் பஸ்சில் அம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் திடீரென்று கேட்டார்.

"ஏண்டா, 2059-ல உனக்கு என்ன வயசு இருக்கும்?"

"எண்பதும்மா."

"எனக்குப் பதிலா நீ வந்து அத்தி வரதரைப் பாரு. என் பேரைச் சொல்லி ஒரு கும்பிடு போடு."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முன்சீட்டில் இருந்த மகன்தான் திரும்பிச் சொன்னான்.

"நான் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வர்றேன் பாட்டி. பன்னிரண்டு மணிக்குள்ளேயே வந்துடுவோம்."